பெட்ரோல் ஜீப்புக்கான டைமிங் கியர் செட்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

வில்லிஸ், மஹிந்திரா பழைய பெட்ரோல் ஜீப்புகளின் எஃப்-134 எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டுகிறவர்கள் வழக்கமாகத் திணறும் இடம் ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குக் கொண்டுபோகிற டைமிங் கியர் ஜோடியை மாற்றும் இடம் அது. புது கேம் கியரை ஷாஃப்டில் ஏற்றி, போல்ட்டை விரலால் திருகும்வரை எல்லாம் லேசாகச் சுற்றும். ஸ்பேனர் போட்டு இறுக்கியதும் கேம் ஷாஃப்ட் அசையாது. போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினால் மறுபடி சுற்றும். உடனே பழி புதுக் கியர் மேல் விழும். கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு செட் வாங்கி வந்தால் அதுவும் இறுகும்.

இப்போது சந்தையில் கிடைக்கிற செட்களை ஃபைபர், அலுமினியம், முழு இரும்பு என மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றையும் இங்கே பார்க்கிறோம். பிராண்ட் பெயர் சொல்லவில்லை. ஒரே பெட்டி, ஒரே ஸ்டிக்கர் இருந்தாலும் லாட்டுக்கு லாட் தரம் மாறுகிறது; பெயரை நம்பி வாங்குவதைவிட மைக்ரோமீட்டரை நம்பி வாங்குவது மேல். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஃபைபர் கேம் கியரும் இரும்புக் கிராங்க் கியரும் சேர்ந்த ஜோடிதான் இந்த எஞ்சினுக்குச் சரி. ஆனால் எந்த ஜோடி வாங்கினாலும் கேம் இறுகுமா இறுகாதா என்பதைத் தீர்மானிக்கிற சாமான் அந்தப் பெட்டியில் இருப்பதில்லை. ஸ்பேசர் எனப்படும் அந்தச் சின்ன வளையம் தனியாகத்தான் கிடைக்கும். பல கடைகளில் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

முதலில் எந்த எஞ்சின் என்பதில் தெளிவு வேண்டும். ‘ஜீப் டைமிங் செட்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துப் போடுவார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால எம்பி ஜீப்பில் இருந்த எல்-134 எஞ்சினில் டைமிங் செயின். போருக்குப் பிந்தைய சிவிலியன் ஜீப்பான சிஜே-2ஏ உற்பத்தியின் இடையிலேயே செயின் போய்க் கியர் வந்தது. சிஜே-3பி-யில் வந்த எஃப்-134, இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் எஞ்சின். 2199 சிசி, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதில் கியர் மட்டும்தான். மஹிந்திரா இந்தியாவில் நெடுங்காலம் செய்த பெட்ரோல் சிஜேக்களின் எஞ்சினும் இந்தக் குடும்பம்தான். செயின் எஞ்சினில் கேம், கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றும். கியர் எஞ்சினில் எதிர்த்திசையில் சுற்றும். அதனால் கேம் ஷாஃப்டும் ஆயில் பம்பும் இரண்டுக்கும் வேறு வேறு. புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தையில் கேம் ஷாஃப்ட் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், கியர் அழகாக உட்கார்ந்த பிறகும் ஆயில் பம்ப் டிரைவ் பற்கள் சேராது. அங்கே ஏற்படுகிற இறுக்கத்தை டைமிங் கியரில் தேடிப் பயனில்லை.

ஒரு இடைச்செருகல்: மலைப்பகுதி எஸ்டேட்களில் ஓடிய பெட்ரோல் ஜீப்புகளில் கணிசமானவை பிற்பாடு டீசலுக்கு மாற்றப்பட்டவை. ஆர்சி புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்துவிட்டுச் சாமான் வாங்குங்கள்.

சரி, மூன்று வகைகளுக்கு வருவோம்.

ஃபைபர் கியரில் நடுவில் இரும்பு ஹப், சுற்றிலும் பிசினில் ஊறவைத்து அழுத்திய துணி அடுக்கு. சத்தம் குறைவு. பற்களுக்கு இடையே பிளே கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்தாலும் ஓட ஓடத் தானே தேய்ந்து இடம் பண்ணிக்கொள்ளும். கம்பெனி மேனுவல் சொல்கிற பேக்லாஷ், அதாவது இந்தப் பிளே, 0 முதல் 2 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மில்லிமீட்டரில் 0 முதல் 0.05. இவ்வளவு நெருக்கமான அளவை எழுத முடிந்ததே ஃபைபரை வைத்துத்தான். குறை என்னவென்றால், ஈரத்தையும் எண்ணெயையும் கொஞ்சம் உறிஞ்சும், உறிஞ்சினால் உப்பும். பட்டறையில் மற்றச் சாமான்களோடு சேர்த்து இதையும் மண்ணெண்ணெய்த் தொட்டியில் ராத்திரி முழுக்க ஊறப்போடுகிற பழக்கம் இருந்தால் காலையில் புதுக் கியர் இறுக வாய்ப்பு உண்டு. காஸ்டிக் தொட்டியில் போட்டால் கியரையே மறந்துவிட வேண்டியதுதான். துணியில் துடைத்தால் போதும். பல வருடம் ஈரமான கோடவுனில் கிடந்த பழைய ஸ்டாக்குக்கும் இதே சந்தேகம் பொருந்தும். ‘ஒரிஜினல், அந்தக் காலத்துப் பீஸ்’ என்று கூடுதல் விலை சொன்னால் பற்களின் வேரில் அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

அலுமினியக் கியர் பார்க்க நன்றாக இருக்கும், உடையாது. ஆனால் சூட்டில் விரியும். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு பிளாக் அதில் பாதிதான். எஞ்சின் 70 டிகிரி சூடேறினால், கியரின் ஆரத்தில் ஒவ்வொரு 50 மில்லிமீட்டருக்கும் பிளாக்கைவிடச் சுமார் 0.04 மில்லிமீட்டர் அதிகமாக வளரும். பற்களுக்கு இடையிலான பிளேயில் ஏறக்குறைய ஒரு தௌ அதில் கரைந்துவிடும். ஆக, அலுமினியக் கியரைக் குளிர்ந்த நிலையில் பூஜ்யத்தில் கட்டினால் சூட்டில் ‘ஊய்’ என்று கத்தும், பல் முகம் பொரியும். 2 தௌவுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் மாட்டலாம்.

முழு இரும்பு ஜோடி சந்தையில் மலிவு. சத்தம் போடும், பேக்லாஷ் கொஞ்சம் கூடினாலே சலசலக்கும். பல் வெட்டியதில் ஒரு பிசிறு இருந்தாலும் அதைத் தேய்த்துச் சரிசெய்ய எதிரே மெதுவான பொருள் இல்லை. உழவு, பம்ப்செட் மாதிரி ஒரே வேகத்தில் ஓடுகிற வேலைக்குத் தாங்கும். ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு நாங்கள் இதைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

எதை எடுத்தாலும் இரண்டு கியரும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக இருக்க வேண்டும். இவை சாய்வுப் பல் கியர்கள். சாய்வுக் கோணத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பல்லின் ஒரு ஓரம் மட்டும் தொடும். சுற்றினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமாக இருக்கும், பேக்லாஷ் அளந்தால் சரியாகவும் காட்டும். மார்க்கிங் ப்ளூ தடவிச் சுற்றிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: நீலம் பல்லின் முழு அகலத்திலும் படியாமல் ஒரு முனையில் மட்டும் கோடாகப் படியும். கேம் கியரை மட்டும் புதிதாக வாங்கி, பழைய கிராங்க் கியரோடு ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பழைய ஸ்பேசர், பழைய த்ரஸ்ட் பிளேட் (கேமின் முன்பின் நகர்வைத் தாங்கும் தட்டு), பழைய கீ (கியரை ஷாஃப்டோடு பூட்டும் சின்னத் துண்டு) மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கியரின் ஹப் பின்முகத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். லேத் பிசிறு இருந்தால் நகத்தில் தட்டும். கீ உட்காரும் பள்ளமான கீவேயின் உள்மூலைகளைப் பாருங்கள். பல சந்தைக் கியர்களில் பள்ளம் வெட்டும் புரோச் கருவி வெளியேறிய பக்கம் பிசிறு அப்படியே மடிந்து நிற்கும், அது ஹப் முகத்தைவிட ஒரு தௌ இரண்டு தௌ எழும்பியிருக்கும். த்ரஸ்ட் பிளேட்டில் முதலில் உரசுவது அதுதான். இரண்டு கியரையும் சரியான பல்லில் சேர்க்க உதவும் டைமிங் மார்க் இருக்கிறதா, அது பல்லின் நேர் எதிரே இருக்கிறதா, பழைய கியரைப் புதுசின் மேல் வைத்துக் கீவேயைப் பொருத்தினால் இரண்டு மார்க்கும் ஒரே பல்லில் விழுகிறதா என்றும் பாருங்கள். மார்க் ஒரு பல் தள்ளிக் குத்தியிருந்தால் எஞ்சின் கட்டி முடித்த பிறகுதான் தெரியவரும். “அண்ணே, இதுக்கு ஸ்பேசரும் த்ரஸ்ட் பிளேட்டும் எடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சின் தெரிந்த கடைக்காரர் உடனே எந்த எஞ்சின் என்று திருப்பிக் கேட்பார்.

இனி அந்த ஸ்பேசர். கேம் ஷாஃப்டின் முன்முனையில் ஒரு தோள் இருக்கிறது. அந்தத் தோளில் ஸ்பேசர் வளையம் உட்காரும். வளையத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், பிளாக்கோடு போல்ட் போட்ட த்ரஸ்ட் பிளேட் நிற்கும். அதற்கு முன்னால் கியர். போல்ட்டை இறுக்கும்போது கியரின் ஹப், ஸ்பேசரைத் தோளோடு சேர்த்து அழுத்துகிறது. மூன்றும் ஒரே துண்டாகிவிடுகின்றன. தோளுக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளிக்குள் த்ரஸ்ட் பிளேட் சும்மா நிற்க வேண்டும். ஸ்பேசரின் தடிமனிலிருந்து பிளேட்டின் தடிமனைக் கழித்தால் வருவதுதான் கேமின் முன்பின் ஆட்டம். மேனுவல் கேட்பது 4 முதல் 7 தௌ, மில்லிமீட்டரில் 0.10 முதல் 0.18.

ஸ்பேசரே இல்லாமல் கட்டினால் ஹப் நேராகப் பிளேட்டைப் பிடித்துக்கொள்ளும். பழைய கியரைப் புல்லரில் இழுக்கும்போது வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். கழிவு இரும்போடு அதுவும் போய்விடும். முதல் பத்தியில் சொன்ன ‘இறுக்கினால் நிற்கிறது, தளர்த்தினால் சுற்றுகிறது’ என்ற அறிகுறிக்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், பழைய தேய்ந்த பிளேட்டுக்குப் பதில் புதுப் பிளேட் போட்டு, ஸ்பேசரை மட்டும் பழையதாக விட்டது. முந்தைய மெக்கானிக் ஆட்டத்தைக் குறைப்பதற்காக அந்த ஸ்பேசரைத் தேய்த்திருக்கலாம். தேய்ந்த பிளேட்டுக்குப் பொருந்திய தடிமன் புதுப் பிளேட்டுக்குப் போதாது. மூன்றாவது, மேலே சொன்ன கீவே பிசிறு.

அளப்பது சுலபம். பிளேட்டையும் ஸ்பேசரையும் துடைத்து, மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளக்கவும். கணக்குக்காக, பிளேட் 4.75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; ஸ்பேசர் 4.85 முதல் 4.93-க்குள் இருக்க வேண்டும். 4.78 இருந்தால் ஒரு தௌ சொச்சம்தான் ஆட்டம். எண்ணெய்ப் படலத்துக்கே இடம் பற்றாது. அப்போது ஸ்பேசருக்கும் கேம் தோளுக்கும் இடையே சரியான தடிமனில் ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையம் போடலாம். மேனுவலே சொல்கிற வழி இது. 5 மில்லிமீட்டர் இருந்தால் ஆட்டம் அதிகம், ஸ்பேசரைக் குறைக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் நைசான எமரித் தாள் விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேய்த்து, அடிக்கடி அளந்துகொண்டே போக வேண்டும். கிரைண்டிங் கல்லில் கையால் பிடித்துத் தேய்த்தால் வளையம் ஒரு பக்கம் சரிந்துவிடும். சரிந்த ஸ்பேசர் கியரையே கோணலாக நிறுத்தும். பிறகு ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் பிடிக்கும்.

த்ரஸ்ட் பிளேட்டைத் தேய்த்து மெலிதாக்குகிற குறுக்கு வழியும் பட்டறைகளில் நடக்கிறது. கேம் அப்போதைக்குச் சுற்றும். ஆனால் சாய்வுப் பல் கியர் ஓடும்போது கேமை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை வாங்குகிற ஒரே சாமான் இந்தப் பிளேட். அதன் தேய்மானத் தாங்குமுகத்தை நாமே சுரண்டுவது வேண்டாம்.

கியர் போல்ட்டின் நீளத்தையும் பாருங்கள். மாற்று போல்ட் நீளமாக இருந்தால் துளையின் அடியில் போய் முட்டி நிற்கும். டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ சொல்லும், கியர் மட்டும் தளர்வாக இருக்கும். இது இறுக்கத்துக்கு நேர் எதிரான கோளாறு, கீயை வெட்டிவிடக்கூடியது.

ஸ்பேசர் சரி, ஆனாலும் பிடிக்கிறது என்றால் கோளாறைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் கிராங்க் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து ‘எங்கேயோ பிடிக்குது’ என்று சொல்வதால் எதுவும் விளங்காது.

டப்பெட் (கேமின் மேடு தள்ள, வால்வை இயக்கும் துண்டு), ஆயில் பம்ப், கியர் எதுவும் இல்லாமல் கேமை மட்டும் பிளாக்கில் நுழைத்து எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். இரண்டு விரலில் சுற்ற வேண்டும். இந்த எஞ்சினில் கேமுக்கு நான்கு பேரிங் இடங்கள். முன்னால் இருப்பதில் மட்டும் பாபிட் பூசிய புஷ். மற்ற மூன்றும் பிளாக்கின் இரும்பிலேயே நேரடியாகக் குடைந்தவை. ஆகவே விரலில் சுற்றாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி முன் புஷ்தான். புது புஷ்ஷை அடித்து இறக்கியதும் அதன் உள்விட்டம் சுருங்கும். ரீமர் ஓட்டி 1 முதல் 2.5 தௌ இடைவெளி கொண்டுவர வேண்டும். புஷ் நகராமலிருக்கப் பஞ்சால் குத்திப் பிடிப்பார்கள். குத்திய இடம் உள்ளே மேடாக எழும்பும். ரீமர் ஓட்டிய பிறகு குத்தினால் இந்த மேடு ஜர்னலை, அதாவது பேரிங்குக்குள் சுற்றுகிற ஷாஃப்ட் பகுதியை, பிடிக்கும். ஜர்னலில் பளபளப்பான ஒரு சின்னப் பட்டை தெரிந்தால் புஷ்ஷின் உள்பக்கத்தில் அதற்கு நேரான இடத்தைத் தடவிப் பாருங்கள். புஷ்ஷின் எண்ணெய்த் துளை பிளாக்கின் துளைக்கு நேராக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கேமே வளைந்திருந்தால் வீ பிளாக்கில் இரண்டு ஓர ஜர்னலை வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜ் போட்டால் தெரிந்துவிடும்.

அடுத்து, கிராங்க் கியரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேசர், பிளேட், கேம் கியர் மாட்டிப் போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கிச் சுற்றுங்கள். டயல் கேஜின் முனையை ஹப் மேல் வைத்து முன்பின் ஆட்டத்தைப் படியுங்கள். பிறகு முனையைக் கியரின் விளிம்பு முகத்துக்கு மாற்றி ஒரு சுற்று. முள் தாறுமாறாக ஆடினால் கியர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கீ உயரமாக இருந்தால் இப்படி ஆகும்: அரைவட்டக் கீயின் தலை, கீவேயின் கூரையில் முட்டி ஹப்பை ஒரு பக்கம் தூக்கும். கீயை எடுத்துவிட்டுக் கியரை ஏற்றினால் நேராக உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம். கீயின் மேல்முகத்தை அரத்தால் சிறிது தட்டையாக்கலாம், பக்கங்களைத் தொடக்கூடாது. த்ரஸ்ட் பிளேட் போல்ட்டுகளின் தலையும் வாஷரும் கியரின் பின்முகத்தைத் தொடாமல் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கிராங்க் பக்கமும் இதே சூத்திரம்தான். கிராங்கின் முன்பின் ஆட்டம் 4 முதல் 6 தௌ. முன் மெயின் பேரிங்குக்கு முன்னால் நிற்கிற த்ரஸ்ட் வாஷரும் அதற்குப் பின்னால் போடுகிற 2 தௌ ஷிம்களும் அதைத் தீர்மானிக்கின்றன. ஷிம் தொலைந்திருந்தால் முன் நட்டை இறுக்கும்போதுதான் கிராங்க் பிடிக்கும். ஆகவே புல்லியோ அதே நீளக் குழாயோ போட்டு நட்டை இறுக்கிய பிறகு மட்டும் அளக்க வேண்டும். தளர்வாக இருக்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

இரண்டும் தனித்தனியே லேசாகச் சுற்றி, சேர்த்தால்தான் பிடிக்கிறது என்றால் இனி பற்களைக் கேட்கலாம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. கேம் கியரில் பற்கள் சரியாக இரட்டிப்பு என்பதால் கிராங்க் கியரின் ஒரு பல் எப்போதும் கேம் கியரின் அதே இரண்டு பற்களோடுதான் சேரும். இதனால் பிடிக்கிற ஒழுங்கை வைத்தே குற்றவாளியைச் சொல்லிவிடலாம். கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால் கிராங்க் கியரில் பிசிறு அல்லது நடுவம் விலகல். ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் பிடித்தால் கேம் கியர். சாக்பீஸில் இடத்தைக் குறித்து, நல்ல வெளிச்சத்தில் அந்தப் பல்லின் இரு முகத்தையும் பாருங்கள். பெட்டிக்குள் இரண்டு கியரும் கட்டாமல் உருண்டு மோதியதில் பல் முனையில் விழுந்த நசுங்கல்தான் பல நேரம் காரணம். இரும்பில் என்றால் நைசான எண்ணெய்க் கல்லால் அந்த மேட்டை மட்டும் எடுக்கலாம். ஃபைபரில் பல் நசுங்கியிருந்தால் மாற்றுவதுதான்.

பேக்லாஷைக் குறைந்தது நான்கு இடத்தில் அளக்கவும். ஒரு இடத்தில் 2 தௌ, எதிரே பூஜ்யம் என்றால் நடுவம் விலகியிருக்கிறது. ஃபைபருக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. நான்கு இடத்திலும் பூஜ்யம், சுற்றவும் கனம் என்றால் ஷாஃப்ட்களின் நடு இடைவெளி குறைந்திருக்கிறது. பிளாக் எந்தப் பட்டறைக்குப் போய் வந்தது என்று விசாரியுங்கள். மெயின் பேரிங் கேப்களின் முகத்தை வெட்டி லைன் போரிங் செய்யும்போது (கிராங்க் பேரிங் துளைகளை ஒரே நேராகக் குடையும்போது) கருவி பிளாக் பக்கமும் சாப்பிட்டால் கிராங்க் மேலே, அதாவது கேமை நோக்கி, நகரும். இரண்டு தௌ நகர்ந்தாலே இந்த எஞ்சினின் பேக்லாஷில் பெரும்பகுதி காலி. அப்படிப்பட்ட பிளாக்கில் எந்த நல்ல செட்டும் இறுகும். செட்டைத் திருப்பிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. லேசான இறுக்கம் என்றால் ஃபைபர் தாங்கிக்கொள்ளும். அதிகம் என்றால் பல்லை மெலிதாக வெட்டிய கியர் செய்து வாங்க வேண்டும், இல்லையேல் வேறு பிளாக். எமரி பேஸ்ட் தடவி ஓட்டிப் பற்களை ‘பழக்குவது’ என்று ஒரு யோசனை உலவுகிறது. ஃபைபரில் எமரித் தூள் பதிந்து நிரந்தரமாகத் தங்கிவிடும். பிறகு அந்தக் கியர் கிராங்க் கியரை அரைத்துக்கொண்டே இருக்கும். செய்யாதீர்கள்.

இவையெல்லாம் சரியான பிறகு ஆயில் பம்ப், டப்பெட், புஷ் ராட், ராக்கர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றிப் பாருங்கள். வால்வு ஸ்பிரிங்குகள் சேர்ந்ததும் கேம் சில இடத்தில் கனமாகும், மேட்டைத் தாண்டியதும் தானே முன்னால் துள்ளும். அது இறுக்கம் அல்ல. இந்தத் துள்ளலைப் பார்த்துப் பயந்து மறுபடி எல்லாவற்றையும் பிரித்தவர்கள் உண்டு.

மாட்டும் முறையிலேயே நல்ல செட்டைக் கெடுத்துவிடலாம். கேம் கியரைச் சுத்தியால் அடித்து ஏற்றவே கூடாது. அடி ஃபைபர் வளையத்தில் பட்டால் ஹப்போடு உள்ள பிடிப்பு விடும். ஹப்பிலேயே பட்டாலும் கேம் பின்னால் ஓடிப்போய், பின் பேரிங்கை மூடியிருக்கிற தட்டை வெளியே தள்ளிவிடும். ஃப்ளைவீல் பக்கம் எண்ணெய் ஒழுகுவது வண்டி ஓடிய பிறகுதான் தெரியும். நீளமான போல்ட்டும் தடித்த வாஷரும் போட்டு மெதுவாக இழுத்து ஏற்ற வேண்டும். சாய்வுப் பல் என்பதால் கியர் உள்ளே போகப்போகக் கேம் கொஞ்சம் திரும்பும். மார்க்குகளை நேராக வைத்துத் தொடங்கினால் உட்கார்ந்து முடியும்போது விலகியிருக்கும். பல்லின் சாய்வுக்கு ஏற்பச் சற்று முன்கூட்டித் திருப்பி வைத்துத் தொடங்குங்கள். முழுதாக உட்கார்ந்த பிறகு மார்க் மார்க்கைப் பார்க்கிறதா என்று சரிபாருங்கள்.

முன் கவரை மூடுவதற்கு முன் இரண்டு சாமான். கியர்களுக்கு எண்ணெய் தெளிக்கிற ஜெட் பிளாக்கின் முன்முகத்தில் இருக்கிறது, துளை 40 தௌ, அதாவது ஒரு மில்லிமீட்டர். அழுக்கு அடைத்திருந்தால் புதுக் கியர் எண்ணெயே காணாமல் ஓடும். மெல்லிய கம்பியால் குத்தி, காற்றடித்து விடுங்கள். மற்றது கிராங்க் கியருக்கு முன்னால் போடுகிற எண்ணெய் வீசும் தட்டு. திருப்பிப் போட்டால் கவரிலோ கியரிலோ உரசும். கவர் போடும்வரை லேசாகச் சுற்றி, கவர் போட்டதும் கிறீச்சிட்டால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

மார்க்கை நம்பாமல் வால்வு டைமிங்கையும் ஒருமுறை சோதிப்பது நல்லது, குறிப்பாகச் சந்தைக் கியரில். எஃப்-134-இல் இன்லெட் வால்வு மேல் மையத்துக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு) 9 டிகிரி முன்பு திறக்கத் தொடங்க வேண்டும். மேனுவல் இந்தச் சோதனைக்காக ஒன்றாம் சிலிண்டர் இன்லெட் இடைவெளியைத் தற்காலிகமாக 26 தௌ வைக்கச் சொல்கிறது. ராக்கர் இறுகத் தொடங்குகிற இடத்தை ஃப்ளைவீல் குறியோடு ஒப்பிடுங்கள். ஒரு பல் தள்ளியிருந்தால் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். முடிந்ததும் இன்லெட் 18 தௌ, எக்ஸாஸ்ட் 16 தௌ என்று குளிர்ந்த நிலையில் பழையபடி வைக்க மறக்க வேண்டாம்.

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறுவதால் எழுதவில்லை. மூன்று வகைகளில் இரும்பு செட் மலிவு என்பதற்காக அதற்குப் போக வேண்டாம். மிச்சமாகிற பணம் முன் கவரை மறுபடி கழற்றுகிற கூலிக்கே பற்றாது. ஃபைபர் ஜோடி, ஸ்பேசர், த்ரஸ்ட் பிளேட், புதுக் கீ, கவர் கேஸ்கெட், முன் ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்குங்கள். ஷாஃப்டில் ஒருமுறை ஏற்றி இறக்கிய கியரைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுக்காது. ஹப்பில் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால் தடிமன் அளவு, மார்க், கீவே பிசிறு எல்லாவற்றையும் கியரை ஷாஃப்டில் வைக்கும் முன்பே பார்த்து முடித்துவிடுங்கள்.